பைபருக்குள் போன சைக்கிள்

கற்பிட்டியில் ஒரு லொட்ஜ் வாசலில் ‘அறை உண்டு’ என்ற பலகையைத் தாங்கிக்கொண்டு கம்பத்தில் தொங்கியது அந்த ரேசிங் சைக்கிள். சக்கரங்கள் இல்லை, வெறும் சட்டம்தான். எவனோ வெள்ளைக்காரன் விட்டுப்போனதாம். குழாய்கள் சேரும் மூட்டுகளை வெற்றிலை நுனிபோல் கையால் அராவியிருந்தார்கள். நல்ல தண்ணீர்ப் பம்ப் ஒன்றைக் கொடுத்து அந்தத் துருவை வாங்கினேன். வீட்டில் வாங்கிய ஏச்சு தனி.

அந்த மூட்டுகளைப் படம் எடுத்துப் போனில் தேடியதில் ஆள் கிடைத்தார்; செய்தவர் இத்தாலியில் உயிரோடு இருந்தார். போனில் மொழிபெயர்த்து எழுதினேன். பதில் வந்தது: “பெடல் சுழலும் குழாயின் அடியில் நான் அடித்த இலக்கம் இருக்கும். படம் அனுப்பு. அது என் கொப்பியில் இருந்தால் என் பெயர் ஸ்டிக்கர் அனுப்புகிறேன். இல்லையென்றால் அது என் சைக்கிள் இல்லை.”

மூன்று மாதம் துருவைச் சுரண்டினேன். எங்கள் நுரைச்சோலையில் இன்று தேய்த்த இரும்பை நாளை காலை உப்புக் காற்று தின்றுவிடும். ஒருநாள் மாலை இலக்கம் தெரிந்தது. பளபளப்பில் படம் சரியாக விழவில்லை. பிரைமர், அதாவது மங்கலான அடிப்பூச்சு, அடித்தால் விழும். ஆனால் மறுநாள் எனக்கு எலுவன்குளத்தில் பம்ப் வேலை, மூன்று நாள். மனைவியின் தம்பி மீன்பிடி போட் திருத்துகிறவன், ஸ்பிரே வைத்திருக்கிறான். அவனிடம் கொடுத்தேன்.

“மெல்லிசா ஒரு பிரைமர். வேறொண்டும் வேணாம்.”

“ஓம் மச்சான், ஓம்.”

திரும்பி வந்தபோது மணலில் ஒரு நீல ஜந்து நின்றது. குழாய் ஒவ்வொன்றும் என் கை அளவு தடிப்பு.

“என்னடா இது?”

“போட்டுக்குப் போடுற பைபர் மச்சான். ரெண்டு மடிப்பு. இனிக் கடல்ல போட்டாலும் துருப்பிடிக்காது.”

“கடல்ல ஓடவாடா வாங்கினன்?”

வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் தலை நிமிராமல் கேட்டார்: “இஞ்சின் எந்தப் பக்கம் வரும், தம்பி?”

கூட்டம் சேர்ந்தது. ஒருவன் எரிக்கச் சொன்னான். இன்னொருவன் கிரைண்டரோடு வந்தான். கிரைண்டர் பட்டால் இலக்கமும் போய்விடும் என்று நான் கத்தினேன். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஏன் கிரைண்டர்? மெழுகு பூசித்தானே போட்டன். சும்மா கழரும்.”

போட் வார்க்கும்போது பைபர் அச்சில் ஒட்டாமலிருக்க முதலில் மெழுகு பூசுவார்கள். இவன் கை அதையே செய்திருக்கிறது.

“கழருறதுக்கெண்டா எதுக்குடா போட்ட?”

கொஞ்சம் யோசித்தான். “பழக்கம்.”

கத்தியால் நெடுகக் கீறி, இறால் கோதுபோல் இரண்டாகப் பிரித்தான். உள்ளே சைக்கிள் நான் விட்டபடியே இருந்தது. இலக்கமும் இருந்தது. மெழுகைத் துடைத்து, நானே பிரைமர் அடித்து, காய்ந்ததும் படம் எடுத்து அனுப்பினேன்.

அவன் கோதை எறியவில்லை. அதையே அச்சாக வைத்துத் தனக்கொரு நீலச் சட்டம் வார்த்தான். ஏறி உட்கார்ந்தால் வளைகிறது. ஆனால் மூட்டுகளின் வெற்றிலை நுனிகூடத் தப்பவில்லை. அடியில் என் இலக்கம், அச்சொட்டாக. அதைப் படம் எடுத்து, என் போனிலிருந்தே இத்தாலிக்கு அனுப்பியும் விட்டான். விஷயம் தெரிந்தபோது அவனை அடிக்கத் துரத்தினேன். ஒரே இலக்கத்தில் இரண்டு சைக்கிள்; ஒரு கள்ளனோடு கதைக்கிறோம் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். இனி ஸ்டிக்கர் வராது.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. “இரண்டு படத்தையும் பார்த்தேன். இலக்கம் கொப்பியில் இருக்கிறது. நீலத்தில் செய்தது எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த மூட்டுகள் என் கைவேலைதான். சந்தேகமே இல்லை.”

தபாலில் ஸ்டிக்கர் இரண்டு சோடி வந்தது. நான் என்னுடையதைத் துடைத்து முடிப்பதற்குள் மச்சான் தன்னுடையதில் ஒட்டிவிட்டான், தலைகீழாக.