ஒரே கம்பியில் குட்ரூன்

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் எங்கள் ஊர் நார்டால் என்பது, ரயில் பாதையோரம் ஒரு தானியக் கிடங்கு, ஒரு தேவாலயம், மைலுக்கு ஒன்றாகச் சிதறிய பண்ணை வீடுகள், அவ்வளவுதான். எல்லா வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லார் வீட்டிலும் மணி அடிக்கும், வீட்டுக்கு ஒரு விதமாக. அவரவர் மணிக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நாங்களோ எல்லா மணிக்கும் சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வோம். கேட்டால், சத்தியமாக இல்லை என்போம்.

இதில் பேர் கெட்டவள் குட்ரூன். புருஷன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. தொலைபேசிக்குக் கீழே மெத்தை போட்ட முக்காலியில் உட்கார்ந்துதான் காலுறை பின்னுவாள். ஒருமுறை என் மனைவி மரித் யாரோடோ பேசும்போது நடுவில் சொன்னாள்:

"குட்ரூன் அக்கா, அடுப்புல உருளைக்கிழங்கு தீயுது போல, போய்ப் பாருங்க."

"நான் கேக்கவே இல்லையே!" என்று பதில் வந்தது.

ஒரு ஜனவரியில் பனிப்புயல் பாதையை மூடியிருந்தது. மத்தியானம் சிக்வர்ட் மோன் நகரத்து டாக்டரை அழைத்தான். இரண்டு வயது மகள் இங்காவுக்குத் தொண்டை அடைத்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஊரே எடுத்துவிட்டது. ஒவ்வொருவர் எடுக்க எடுக்கக் கம்பியில் குரல் தேயும்.

"ஒண்ணும் கேக்கலப்பா, சத்தமா பேசு!" என்றார் டாக்டர்.

"எல்லாரும் கொஞ்சம் வைங்களேன்! புள்ள நீலம் பாரிச்சுப் போறா!" என்று சிக்வர்ட் கதறினான்.

ஒருவரும் வைக்கவில்லை. வைத்தால் 'டக்' என்று கேட்கும். ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். அடுத்தவன் வைக்கட்டும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது குட்ரூன் வாயைத் திறந்தாள்.

"குட்ரூன் பேசறேன். ஆமா, நான் ஒட்டுத்தான் கேக்கறேன், தெனமும் கேக்கறவதான். பியார்னே, உன் கடிகாரம் டிக் டிக்குங்குது, வை. ஆஸ்த்ரித், உன் கூண்டுக்குருவி கத்துது, வைடி. மரித், உன் வீட்டுக்காரன் இருமறான், வச்சிடு."

அந்த இருமல் என்னுடையது. டக், டக் என்று ரிசீவர்கள் வரிசையாக விழுந்தன.

"சிக்வர்ட், இதோ நானும் வச்சிடறேம்பா," என்று அவளும் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அன்றைக்கு எந்த வீட்டிலும் மணி அடிக்கவில்லை. ஊரே அவள்மேல் கடுப்பில் இருந்தது. பேர் சொல்லிவிட்டாளே! அவளோ, கை தன்னால் தொலைபேசிக்குப் போகாமலிருக்க, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாளாம். குழந்தை இருக்கிறதா, போய்விட்டதா என்பது ஊர்ச்சேதி எல்லாம் கேட்கிற அவளுக்கே தெரியாமல் போகும் என்று யார் நினைத்தோம்?

மறுநாள் புயல் விட்டதும் சிக்வர்ட் சறுக்குவண்டியில் அவள் வீட்டுக்குப் போனான். அவள் கதவைத் திறந்ததுமே சொன்னான்:

"நல்லா மூச்சு விடறாக்கா. டாக்டர் சொன்னபடி கெட்டில் ஆவி புடிச்சோம். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சு."

குட்ரூன் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. நான் வச்சதும் டாக்டர் மொதல்ல என்ன சொன்னாரு? அதுக்கு நீ என்ன சொன்ன? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சிக்வர்ட் கோட்டைக் கழற்றிவிட்டு, டாக்டரின் குரலிலேயே முழுவதையும் சொன்னான்.