எடுத்துட்டாங்க

அந்த வெள்ளிக்கிழமை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

இரண்டு மாதத்துக்கு முன் என் மகள் வந்த பஸ், செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு ஏரிக்கரை வளைவில் சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. யாரோ ஜன்னல் வழியாக அவளை இழுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். நெற்றியில் தையலோடு வீடு வந்தாள். அதன்பின் செங்கல்பட்டில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவள், "இன்னைக்கு நான் போறேம்மா" என்றாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லு" என்றேன்.

மாமல்லபுரத்துத் தபால் ஆபீசில் நான் தந்தி எடுக்கும் குமாஸ்தா. கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் வடக்கே வேலையில் இருந்தார். மகளும் நானும்தான். தந்திக் கருவி கட்கட என்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தை என்னவோ என்று பயப்படுவேன். யாருக்கோ வரும் சாவு முதலில் என் காது வழியாகத்தான் போக வேண்டும். அது ஒருநாள் எனக்கே வரும் என்று அந்த இரண்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்ததெல்லாம் நல்ல தந்திகள். ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். வேலை கிடைத்தது, உடனே புறப்படு. கடற்கரை விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. எங்கள் தந்திக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே வீடுகளில் அழத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதால், நல்ல செய்தியென்றால் தெருமுனையிலேயே சைக்கிள் மணியடித்து, "நல்ல சேதி! நல்ல சேதி!" என்று கத்திக்கொண்டே போவார். கெட்ட செய்தி என்றால் சத்தமில்லாமல் இறங்கி நிற்பார். அன்று முழுக்கக் கத்தி அவர் தொண்டை கட்டிப்போனது.

மதியம் சாப்பிட்டுவிட்டு, மேசைக்கடியில் வைத்திருந்த நூலகப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு மாதமாக ஒரே பக்கத்தில் நின்றிருந்தது. அன்று ஒரு அத்தியாயத்தை முழுசாக முடித்தேன். ஒரு இடத்தில் சிரித்தும்விட்டேன். சிரித்த உடனே புத்தகத்தை மூடிவிட்டேன். இவ்வளவு நன்றாக ஒரு நாள் எதற்காகப் போக வேண்டும்?

மாலை வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பு வைத்தேன். அவள் வழக்கமாக வரும் பஸ் வந்து போய்விட்டது. அவள் வரவில்லை. அப்பளத்தைப் பொரிக்க எடுத்து, மறுபடி டப்பாவில் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி மீன் விற்பவள். வெள்ளிக்கிழமை யாரும் மீன் வாங்க மாட்டார்கள் என்று அன்றைக்கு மட்டும் கூடையைக் கவிழ்த்துவிட்டு, திருக்கழுக்குன்றத்தில் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வருவாள். அவள் குரல் பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறமிருந்து மூச்சு வாங்கக் கேட்டது.

"போஸ்ட்டம்மா! உன் பொண்ணப் பாத்துட்டுதான் வரேன். கழுக்குன்றத்துல எடுத்துட்டாங்க. வந்துகினு கீது. நீ தைரியமா இரு, இன்னா?"

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் கும்பகோணம் பக்கம் வெறுமனே 'எடுத்துட்டாங்க' என்றால் ஒன்றுதான். 'எடுத்தாச்சா?' என்று சாவு வீட்டு வாசலில் கேட்பார்கள். 'வந்துகினு கீது' என்றாள். வருகிறாள் இல்லை, வருகிறது. உயிர் போனபின் பெயரும் போய் 'அது' ஆகிவிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. கையை நீட்டி அதை இறக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்போது வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். மணி அடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை. காக்கிச் சட்டை.

நான் கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு? டிபன் கேரியர ஆபீஸ்லயே வுட்டுட்டுப் பூட்டியேன்னு எட்த்தாந்தேன்."

அவர் கையில் என் டிபன் கேரியர் இருந்தது. நான் பக்கத்து வீட்டைக் காட்டி அந்த வார்த்தையை மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. சுவரோரம் ஓடினார்.

"ஏம்மே, இன்னா சொன்ன இந்தம்மாகிட்ட?"

"இன்னா சொன்னேன்? பஸ்ஸு பஞ்சரு. வீல மாட்டி எடுத்துட்டாங்கன்னேன். அது எடுக்கசொல்ல எனக்குக் கல்லு லாரி கெடச்சிது, முன்னாடி வந்துட்டேன்."

"பஸ்ஸுன்னு சொன்னியா நீ?"

"பஸ்ஸத்தான்யா எடுப்பாங்க! பொண்ணையா எடுப்பாங்க?" என்றவள் அதோடு நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஈரக்காலோடு ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் மகள் தெருவில் வந்தாள். வாசலில் தந்திக்காரரையும் அழுகிற எங்களையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "அப்பாவுக்கா?" என்று கேட்டாள்.

"நல்ல சேதி! நல்ல சேதி!" என்று கட்டிய தொண்டையோடு கத்தினார் அவர். சைக்கிள் மணியையும் இரண்டு தடவை அடித்தார்.

அன்று நால்வரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். குழம்பு அடிபிடித்திருந்தது. "கருவாடு ஒண்ணு கிள்ளிப் போட்டிருந்தா இந்த நாத்தம் தெரியாது. வெள்ளிக்கெழமையாப் பூட்ச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நீ வாயத் தொறக்காத தாயே, இன்னிக்குப் பேசினது போதும்" என்றார் தந்திக்காரர். மகள் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு மாதமாகக் கேட்கவில்லை.

அவர்கள் போனபின் கேட்டேன். "அந்த வளைவு வந்தப்போ?"

"கண்ண மூடிக்கலாம்னுதான் இருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, வெத்தலை எடுக்கணும்னு குழந்தைய என் மடியில போட்டுட்டாங்க. புடிச்சுக்கிட்டேன். பாத்தா வளைவு தாண்டிடுச்சு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கிழமையும் போகணும்மா."

எந்த வீட்டிலாவது யாராவது எதையாவது எடுத்துவிட்டதாகச் சொன்னால், இன்றும் எனக்கு ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. அன்று அந்தக் கையால் செய்ய முடிந்தது ஒன்றுதான். என் கேரியரையும் அவள் டிபன் டப்பாவையும் கழுவி, திங்கட்கிழமைக்காகப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.