நான் சொல்லாமல் விட்ட பாதி

இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளராக வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் சிங்களம் நன்றாக வரும். அதனால் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலையானது. தொண்ணூறுகளின் கடைசியில் அதில் நான் செய்த ஒரு பிழையை, இப்போது இந்த வேலைக்கு வருகிற தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துச் செல்விக்கு அப்போது வயிற்றில் நான்கு மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டன. "இதுவும் தங்கலன்னா அவ அம்மா வீட்டுக்கே போயிரட்டும்" என்று மாமியார் லயத்து வீட்டு வரிசையெல்லாம் கேட்கச் சொல்லியிருந்தார். இந்த முறை இரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. மேகநோய். ஆஸ்பத்திரியில் சிபிலிஸ் என்பார்கள்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண். பொறுமையாக விளக்கினார். வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. அதற்கு முன் கையில் துளி மருந்து ஏற்றி, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். கணவனுக்கும் இரத்தம் பார்த்து ஊசி போட வேண்டும். இருவருக்கும் முடியும்வரை சேரக் கூடாது. சேர்ந்தால் நோய் இவளுக்குத் திரும்பவும் தொற்றும், பிள்ளைக்கும் போகும்.

ஊசியைப் பற்றி எல்லாம் சொன்னேன். கணவன் விஷயம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. "கிவ்வத, நங்கி?" சொல்லிவிட்டாயா, தங்கச்சி என்று டாக்டர் கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

மூன்றாவது ஊசி அன்று கணவனின் கிளினிக் கார்டு எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இதற்குள் சேர்ந்தார்களா என்று இப்போதே அவளிடம் கேள்" என்றார்.

நோயைப் பற்றி விட்ட பாதியைச் சொல்லி, தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"ஐயோ அக்கா, அவரு தீமிதிக்கக் காப்பு கட்டியிருக்காருல்ல? மொத ஊசிக்கு முந்தியே கோயில்ல படுக்கப் போயிட்டாரு."

மூச்சு வந்தது. ஆனால் திருவிழா வரும் ஞாயிறு. காப்பு அவிழ்த்தால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

மறுநாள், ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்கு வெளியே அவள் கணவர் முத்துக்குமார் தனியாக வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, செல்விக்கு இருக்கிற நோய் ஒங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் பாத்து ஊசி போடணும்."

"எனக்கு இருக்குன்னு யாரு சொன்னா? அவளுக்கு எங்கருந்து வந்துச்சோ!"

"யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாது. நாங்க அதத் தேடலங்க. பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

வெகுநேரம் வாளியைத் தேய்த்தார். "காப்போட ஊசி போடக் கூடாதுக்கா. சாமி குத்தமாயிரும்."

"சரி, திங்கக்கெழம வாங்க. ஆனா காப்பு அவுத்ததும் வீட்டுல போய்ப் படுத்துறாதீங்க. ஊசி முடியுற வரைக்கும் தள்ளி இருக்கணும்."

"இருக்கிறது ஒரு காம்பரா, எல்லாரும் அந்த ஒரு ரூமுலதான். ஏன்டான்னு எங்கம்மா கேக்காதா?"

நான் அடுத்த வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போங்கக்கா" என்றார். "நான் பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார்.

"என்னா தம்பி, கால் சுட்டிருச்சா?"

"நெருப்பு ஒண்ணும் செய்யலக்கா. ஒங்க ஊசிக்குத்தான் நடுங்குது."

அவருக்கும் நோய் இருந்தது. மூன்று வாரமும் ஒழுங்காக வந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க இன்னும் ஒரு நேர்த்திக்கடன் என்று அம்மாவிடம் சொல்லி, கோயிலிலேயே படுத்தார். "எம் மகன் மாதிரி விரதம் இருக்க எவனால முடியும்?" என்று மாமியார் பெருமையடித்தார்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் இரத்தத்தையும் சில மாதம் பார்த்து, நோய் இல்லை என்றார்கள். அந்தப் பிள்ளையை விரதம் காப்பாற்றியது, நான் காப்பாற்றவில்லை. எல்லா வீட்டிலும் காப்பு கட்டியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அதே கிளினிக் அறையில் அதே நோயோடு வேறொரு பெண். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அவர்கிட்ட நான் எப்படிக்கா இதச் சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம்மா" என்றேன். "நான் வந்து சொல்றேன்."