செல்வியின் எழுபத்தொரு சதவீதம்

எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் கதவைத் திறந்தாலே ஈரக் கார்ப்பெட் வாடை முகத்தில் அடிக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் பாதம் சில்லிடும். பெரம்பலூர் வெயிலிலிருந்து தப்பித்து அந்த ஏசியில் உட்காருவதற்காகவே லேப் பீரியடை எதிர்பார்த்த காலம் அது...

மூன்றாம் வருஷம். காலையில் சிஸ்டம் புரோகிராமிங், மதியம் வெப் ஸ்கிரிப்டிங். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்கு ஜோடி தமிழ்ச்செல்வி.

எனக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. அத்தா சவூதியில் இருந்ததால் வீட்டிலேயே கம்ப்யூட்டர் உண்டு. செல்விக்கு வரதராஜன்பேட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. புரோகிராமை நோட்டில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு வரி ஓடும்போதும் என்ன ஆகும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வருவாள்.

ஒருமுறை என் அசெம்பிளர் புரோகிராம் மூன்று நாளாக ஓடாமல் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. செல்வி ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. என் நோட்டை வாங்கிப் படித்தாள்.

"இந்த பாயின்டருக்கு நீ இடமே ஒதுக்கலடி. வூடு கட்டாமயே உள்ள பீரோவ வைக்கப் பாக்குற."

ஒரு வரி சேர்த்தோம். ஓடிவிட்டது.

எனக்கு மதிய வகுப்புதான் பிடிக்கும். எந்த வெப் பக்கத்தைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் எழுதியிருக்கும் சோர்ஸ் கோடைப் பார்க்காமல் விடமாட்டேன். அப்படித்தான் ஒருநாள் எங்கள் டிபார்ட்மென்ட் அட்டெண்டன்ஸ் பக்கத்தையும் பார்த்தேன். சீனியர்கள் புராஜெக்டாகச் செய்து கொடுத்தது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையை சர்வரிடம் விடாமல் அந்தப் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தார்கள். பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே கண்முன் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

செமஸ்டர் முடியும் சமயம் போர்டில் வருகை குறைந்தவர்களின் லிஸ்ட் ஒட்டினார்கள். எழுபத்தைந்து சதவீதம் வருகை இருந்தால்தான் பரீட்சை. செல்விக்கு எழுபத்தொன்று.

அவள் லீவே போடாதவள். ஆனால் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நின்றால் முதல் பீரியட் போய்விடும். முதல் பீரியட் போனால் அரைநாள் ஆப்சென்ட்.

"எச்.ஓ.டி. மேடத்துகிட்ட சொல்லிப் பாத்தேன்," என்றாள். "பஸ்ஸு லேட்டானா காலேஜ் என்னம்மா பண்ணும்ங்கிறாங்க."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அன்று மதியம் லேபில் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுபத்தொன்றை எழுபத்தாறு ஆக்கினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய லிஸ்ட் வந்தது. அதில் செல்வி பெயர் இல்லை. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான?"

"பரீட்சை எழுதலாம்ல? வுடு."

"எத்தன நாள் லேட்டா வந்தேன்னு எனக்குத் தெரியாதா பர்வீன்? இப்ப எழுதி நல்ல மார்க் வாங்குனாலும், அதுலயும் நீ கை வச்சியோன்னு எனக்கே தோணும்."

சொல்லிவிட்டு எச்.ஓ.டி. ரூமுக்குப் போனாள். என் பெயரைச் சொல்லவில்லை. "என் நம்பர் தப்பா இருக்குங்க மேடம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மேடம் அவளைத்தான் சந்தேகப்பட்டார். தானே மாற்றிவிட்டு, பயந்துபோய் இப்போது வந்து சொல்கிறாள் என்று. உண்மையைச் சொல்லும்வரை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

லேபிலிருந்து பார்த்தால் அந்த வராண்டா தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம்.

பிறகுதான் எழுந்து போனேன்.

"நான்தாங்க மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு வாரம் சஸ்பெண்ட். வெப் லேபில் இன்டர்னல் பூஜ்யம். அத்தா போனில், "இதுக்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தனாம்மா?" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்ததும் அதே பக்கத்தை, சர்வரிலேயே பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற மாதிரி பி.எச்.பி.யில் என்னையே எழுதவைத்தார் மேடம்.

செல்விக்கு அந்த செமஸ்டர் போனது போனதுதான். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படித்தாள். அப்போது எங்கள் அம்மாதான் கேட்டார்: "காலேஜ் பஸ்ஸு நம்ம வாசல்ல வருது. அந்தப் புள்ள ஏன் அவ்ளோ தூரத்துலேருந்து வரணும்? இங்கயே இருக்கட்டுமே."

அந்த செமஸ்டர் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வருகை தொண்ணூற்றெட்டு.

அதை முந்தின வருஷமே சொல்லியிருக்கலாம். நம்பரை மாற்றத் தோன்றிய எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது அந்தக் காலேஜில் விரல் வைத்தால்தான் வருகை. ஆளுக்கொரு லேப்டாப். நான் சென்னையில், கம்பெனி வெப்சைட்டுகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்கிற வேலை. அன்று சஸ்பெண்ட் வாங்கித் தந்த புத்திக்கு இன்று மாதச் சம்பளம். செல்வி பெங்களூரில், மெஷின்களுக்குள் ஓடும் புரோகிராம் எழுதுகிறாள்.

போன வாரம் போனில் பேசும்போது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டேன். "என்மேல கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சுடி."

"மாத்துனதுக்கா?"

"அதுக்கில்ல... அரமணி நேரம் நிக்கவச்சல்ல, அதுக்கு."

பிறகு அவளே, "சரி, ஒம் பையனுக்குக் காய்ச்சல்னியே, வுட்டுடுச்சா?" என்று கேட்டாள்.