ஆளுக்குப் பாதி

குருநகர் லவீனாவுக்கு அடிவயிறு நொந்தால் புருஷனின் தாய் அற்புதராணி மாமி பெருஞ்சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பாள். பெருஞ்சீரகமும் பாவம், எவ்வளவுக்குத்தான் தாங்கும்? காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, மாமிக்குச் சொல்லாமல் லவீனா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டொக்டர் வசந்தினி திரையை இழுத்துவிட்டு உள்ளே கைவைத்துப் பார்த்தபோது லவீனா நோவில் கத்திவிட்டாள்.

“கர்ப்பப்பையிலயும் குழாயிலயும் கிருமி போயிருக்கு. சோதனை முடிவு வருமட்டும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. பிந்தினா பிள்ளை தங்கிறது கஷ்டம். இண்டைக்கே ஊசி போடுறன். ரெண்டு கிழமைக்குக் குளிசை, ஒண்டும் விடக்கூடாது. அவரும் வந்து மருந்து எடுக்கவேணும், இல்லாட்டி உமக்குத் திரும்பவும் தொத்தும். இந்தக் குளிசையோட சாராயம் பட்டா சத்திதான், அதையும் அவருக்குச் சொல்லும்.”

கலியாணமாகி மூன்று வருடம். பிள்ளை என்ற சொல்லுக்குப் பிறகு, அவரும் மருந்து எடுக்கவேணும் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை.

“நோவு உனக்கு, குளிசை எனக்கோ?” என்று கேட்டுவிட்டுப் புருஷன் ஜெரோசன் கடலுக்குப் போய்விட்டான். ஆம்பிளைக்கு அப்படி நோய் வருத்தம் வராது என்பது அந்தத் தெருவின் எழுதாத வேதம்.

லவீனா யோசித்தாள், யோசித்துத்தான் அந்தப் பிழையைச் செய்தாள். தனக்குத் தந்த குளிசை முழுவதையும் அம்மியில் அரைத்து ஒரு போத்தலில் போட்டாள். ஆளுக்குப் பாதி என்றாலும் இருவருக்கும் சுகம் வராமலா போகும்? அவனுடைய அன்றைய பங்கைப் புளி கூட்டிய மீன்குழம்பில் கலந்து சோற்றுக் கோப்பையில் விட்டாள்.

ஜெரோசன் வழக்கம்போலக் குடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். கை கழுவ முன்னமே முகம் சிவந்து, குடல் வெளியே வருமளவுக்குச் சத்தியெடுத்தான். சத்தம் கேட்டு முற்றம் நிறையச் சனம். மாமி குசினியைக் கிண்டி அந்தப் போத்தலைக் கண்டுபிடித்தாள்.

“என்னடி போட்டனி? செய்வினையோ?”

நோயைச் சொன்னால், கொண்டுவந்தவள் அவள்தான் என்பார்கள். அவன் எங்கே போய் எடுத்தான் என்று கேட்க ஒரு வாயும் திறக்காது.

“ஓம் மாமி. அவர் குடியை விடட்டும் எண்டு ஒருத்தரிட்டை வாங்கினனான்.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமியும் இளகிவிட்டாள்.

“விசரி, என்னட்டைச் சொல்லியிருந்தா அந்தோனியாருக்கு நேந்திருப்பனே! இனிமேல் தனிய எங்கையும் போகாதை.”

சொல்லிக்கொண்டே போத்தலை அடுப்பில் கவிழ்த்தாள். தன் பிள்ளைதான் எரிகிறது என்று லவீனாவுக்குப் பட்டது. எரிந்து முடியும்வரை அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.