கடைசியாகத் திறந்த கை

வலது கை பெட்டியின் முதுகில் விரிந்து கிடந்தது. சூடான காற்று வெளியே வரும் வலைக்கண்களின் மேல் உள்ளங்கை. சுண்டுவிரல் மட்டும் தகரத்தில் பட்டும் படாமலும். இடது கையில் பென்சில். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அது மணியைக் குறித்தது: 10.06, தொடக்கம். திருப்புளிகள் ஏழும் துணிச்சுருளுக்குள் கட்டியபடியே கிடந்தன.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தவருக்கு அது பொறுக்கவில்லை.

"காலையிலேருந்து தடவிக்கிட்டே இருக்கியே, இதென்ன கறவை மாடா? திறம்மா."

"நீங்க விளையாடுங்க ஐயா."

10.20. திரையில் ஒரு கட்டிடம் வெடித்துச் சரியும் நேரத்தில் கம்ப்யூட்டர் செத்தது. நீலத் திரை வரவில்லை, எழுத்து வரவில்லை, படம் உறையவும் இல்லை. சுவிட்சை அணைத்தது போல மொத்தமும் போய்விட்டது. பென்சில் எழுதியது: 14 நிமிடம். காற்று வெதுவெதுப்பு மட்டும்.

அந்தக் கைகள் நன்டோங்கோவுடையவை. கம்பாலாவில் எங்கள் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், பதினொரு வருடமாக, இப்போது ஒன்றரை முழ அகல மேசையில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். யாரிடமும் படித்தவள் இல்லை. செத்த பெட்டிகளை எடைக்கு வாங்கி, பிரித்து, மறுபடி பூட்டி, எது இல்லாவிட்டால் எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கலகலப்பாகப் பேசுபவள் அல்ல. வாடிக்கையாளர் சொல்லும் பழுதை அவள் எழுதிக்கொள்வதே இல்லை. பெட்டி சொல்வதை மட்டும் எழுதுவாள். அதனால் அவளிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் கோபத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று கோபத்தோடு இருந்தவர் முலோண்டோ. நகரத்தின் வான்டெகெயா பகுதியில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு விளையாட்டுக் கூடம் நடத்துகிறார். அந்த ஆறில் இதுதான் முதல் வரிசைப் பெட்டி. சனிக்கிழமை நடக்கப்போகும் போட்டிக்கு இதை நம்பித்தான் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார். எங்கள் படிக்கட்டுச் சுவரில்கூடக் கையில் பசைச் சட்டியோடு அவரே வந்து ஒட்டிவிட்டுப் போனார். இரண்டாம் நாளே அதன் ஓரத்தில் எறும்பு ஏறியிருந்தது.

அவருடைய புகார் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் தூசி எடுக்க, நன்டோங்கோவின் எதிர் மேசைக்காரன் கசூலேயிடம் பெட்டியைக் கொடுத்தார். கசூலே சுத்தம் செய்து, மூடி, ஓரத்தில் காகித முத்திரை ஒட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு கணக்கு எழுதினால் ஓடுகிறது, படம் பார்த்தால் ஓடுகிறது, விளையாடினால் மட்டும் அணைகிறது. ஆகவே கசூலே நல்ல பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு நோஞ்சான் ஒன்றை மாட்டிவிட்டான். முத்திரை கிழியவில்லை, கையெழுத்து அவனுடையது, இரண்டாம் தேதி என்று அவனே எழுதியிருக்கிறான்.

மேசைகளை ஒதுக்கும் குழுவின் தலைவி ஹஜாத்தி மஸிதூலா. திருடிய கைக்கு இந்த மாடியில் மேசை கிடையாது என்பது அவர் வைத்த சட்டம். மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், உண்மையென்றால் நாளை வெள்ளிக்கிழமை கசூலேயின் மேசை காலி என்று சொல்லிவிட்டார். அந்த மூன்றாம் ஆளைத் தேர்ந்தெடுத்தவர் முலோண்டோ. ஏன் நன்டோங்கோவைக் கேட்டார் என்று மாடியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. திறக்கும் முன் சொல்லாத பழுது, திறந்தவருடைய பழுது. கடைசியாகத் திறந்த கைதான் பதில் சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் நன்டோங்கோ ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே மதர்போர்டு ஏற்கெனவே வெடித்திருந்தது. அவள் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள்தான் உடைத்தாள் என்று குழுவின் முன்னால் சாட்சி சொன்னவன் கசூலே. பெட்டியை அவளுக்கு முன்னால் திறந்தவனும் அவனே. மேசை போயிற்று. இரண்டு வருடம் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்து வேலை செய்தாள். ஏறி இறங்குகிறவர்களின் செருப்பு மண் அவள் திருகாணி டப்பாவில் விழும். மேசை திரும்பக் கிடைத்த அன்று, இரண்டு மேசைக்கும் நடுவில் கசூலே ஒரு தகரத் தடுப்பு வைத்தான். அவள் விசிறிக் காற்றுகூடத் தன் பக்கம் வரக் கூடாதாம். அன்றிலிருந்து அவள் எந்தப் பெட்டியையும் பழுது தெரியாமல் திறந்ததில்லை. தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இரண்டாம் ஆட்டம் ஒன்பது நிமிடம். மூன்றாவது இருபத்திரண்டு. சூடுதான் காரணம் என்றால், ஏற்கெனவே சூடேறிய பெட்டி ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் விழுந்திருக்க வேண்டும். இது அப்படி இல்லை. எத்தனை நிமிடம் ஆனாலும் திரையில் வெடி வெடிக்கும்போது, கூட்டம் ஓடிவரும்போதுதான் விழுந்தது. நினைவகம் கெட்டிருந்தால் முதலில் படமாவது உறையும். இங்கே அதுவும் இல்லை. பிறகு, பெட்டி இழுக்கும் கரண்டைக் குறைக்க, விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டாள். படம் மந்தமாக ஓடியது. முலோண்டோ, கிழவன் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே நாற்பது நிமிடம் விளையாடினார். அணையவில்லை. கட்டை அவிழ்த்தாள். ஆறாம் நிமிடம் அணைந்தது.

நாட்காட்டித் தாளைத் திருப்பி, முடிவு கேட்க வந்து நின்ற ஹஜாத்தியிடம் காட்டினாள். "சூடு இல்ல ஹஜாத்தி. இழுக்குற கரண்டுக்கு பவர் சப்ளை தாங்கல. திடீர்னு ஜாஸ்தி கேக்கும்போது கைய விட்டுடுது."

முலோண்டோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் என்ன சொன்னேன்? நோஞ்சான மாட்டிட்டான்னு சொன்னேனா இல்லியா?"

மேசைகளுக்கு நடுவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கசூலே தன் தடுப்புக்குப் பின்னாலிருந்து, கம்ப்யூட்டரைத் தடவிக் குறி சொல்கிற பொம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் குனிந்துகொண்டான். சாலிடரிங் கோலை எடுத்தான். அது சூடாகவே இல்லை.

ஹஜாத்தி கேட்டார். "அப்படித்தானாம்மா? இவன் மாத்தினதுதானா?"

ஒரு தலையசைப்புப் போதும். படிக்கட்டின் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் பதில் வந்துவிடும். பொய் என்றுகூட யாராலும் காட்ட முடியாது.

நன்டோங்கோ டார்ச்சை எடுத்துப் பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பினாள். பவர் சப்ளையைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளும் வெளியிலிருந்தே தெரியும். அவற்றின் தலைகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்தாள். பக்கத்து ஏரியின் ஈரக்காற்றில் பிடித்த துரு பள்ளங்களை நிரப்பி, மேலே தூசி இறுகி, நான்கும் காய்ந்த மருவைப் போல இருந்தன.

"இது நாலஞ்சு வருஷத் துரு. திருப்புளி பட்டிருந்தா கீறல் வெள்ளையா தெரியும். இத யாரும் கழட்டல."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கசூலே தலையை நிமிர்த்தினான். முலோண்டோ, நீயும் அவனும் கூட்டாளியா என்று கேட்டார். அந்த மாடியில் அன்றுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது.

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். பவர் சப்ளை பழையதேதான், இத்தனை வருடம் தாங்கியது, இப்போது தாங்கவில்லை என்றால் இழுக்கிற பக்கம் எதுவோ கூடியிருக்கிறது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, உள்ளே மாட்டியிருக்கும் உறுப்புகளின் பட்டியலைத் திறந்தாள். திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் படித்தாள். அந்தப் பவர் சப்ளை பிறந்த காலத்தில் இல்லாத பெரிய கார்டு. அது எப்போது மாட்டப்பட்டது என்பதையும் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருந்தது. திரையை ஹஜாத்தியின் பக்கம் திருப்பினாள்.

"அஞ்சாம் தேதி," என்று ஹஜாத்தி படித்தார். "முத்திரை ரெண்டாம் தேதி."

"முத்திரைதான் கிழியலையே," என்றார் முலோண்டோ. குரல் இப்போது தணிந்திருந்தது.

அதுதான் அவளுக்கும் இடித்தது. முத்திரை முழுசாக இருந்தது, கசூலேயின் கையெழுத்தும் முழுசாக இருந்தது. குனிந்து கண்ணை அருகில் கொண்டுபோனாள். பெட்டியின் அடியிலிருந்து நூல் போல ஒரு வரிசை ஏறி வந்து, காகிதத்தின் ஓரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எறும்பு. கசூலே ஒட்டுவது டியூபில் வரும் ரப்பர் பசை. அதன் நாற்றம் எட்டு வருடமாக அவள் மூக்குக்குத் தெரியும். அதை எந்த எறும்பும் தின்னாது. நகத்தால் ஓரத்தைக் கீறி, பொடியை விரல் நுனியில் எடுத்து முகர்ந்தாள். பிறகு ஹஜாத்தியிடம் நீட்டினாள்.

"மரவள்ளி மாவுக் கஞ்சி ஹஜாத்தி. நம்ம படிக்கட்டுச் சுவத்துல இருக்குதே போட்டி நோட்டீஸு, அதுலயும் இதே எறும்புதான்."

கூட்டத்தில் சிலர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. முலோண்டோ காகிதத்தை ஈர ஆவியில் காட்டி உரித்து, கார்டை மாட்டிவிட்டு, சுவரொட்டிக்குக் காய்ச்சிய கஞ்சியில் அதைத் திரும்ப ஒட்டியிருக்கிறார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி என்னுடையது, என் பெட்டியை நான் திறப்பேன், யார் கேட்பது என்றார். அவருடைய கூச்சல் அடங்கும்வரை ஹஜாத்தி காத்திருந்தார்.

"உன் பெட்டிய நீ திறக்கலாம்பா. திறந்த கை யாருதுன்னு மறைக்கக் கூடாது. கசூலே மேசை இருக்கும். போட்டி சனிக்கிழமைதானே? உக்காரு."

அவர் உட்கார்ந்தார். வேறு கட்டிடத்துக்குக் கொண்டுபோக நேரம் இல்லை.

நன்டோங்கோ ஒரு தாளில் எழுதினாள்: பெரிய கார்டு, அதற்குப் பழைய பவர் சப்ளை பற்றவில்லை; திறக்கும் முன் சொன்னது. முலோண்டோ பேனாவை அழுத்திய அழுத்தில் கையெழுத்து தாளைக் கிழித்தது. அதன் பிறகுதான் அவள் துணிச்சுருளை அவிழ்த்தாள். உள்ளே, கார்டுக்குப் போக வேண்டிய மின்சாரத்தை ஹார்ட் டிஸ்க்கின் வயரிலிருந்து ஒரு கிளை பிரித்து எடுத்திருந்தார். இணைப்பின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி ஒரு மூலை உருகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கூடத்திலேயே புகைந்திருக்கும். அதைக் கழற்றி முலோண்டோவின் கண்ணெதிரே மேசையில் வைத்தாள்.

அந்தக் கார்டைத் தாங்கும் பவர் சப்ளை மாடியில் ஒரே மேசையில்தான் இருந்தது. கசூலே அதைத் தகரத் தடுப்பின் மேலாக நீட்டினான். அவள் வாங்கி, மீட்டரை வைத்து ஒவ்வொரு முனையாக அளந்தாள்.

"என் சாமானையே சந்தேகப்படுறியா?"

"உன் சாமான்ங்கறதாலதான்."

அளவு சரியாக இருந்தது. மாட்டினாள். கசூலே இன்னும் அங்கேயே நின்றான்.

"இதுக்காக நான் உனக்குக் கும்பிடு போடுவேன்னு பாக்காத."

"நீ தப்பிச்சதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல," என்றாள், வயரைக் கட்டிக்கொண்டே. "துரு உன் பக்கம் இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் போய்த் தன் தடுப்பைச் சரிபார்த்தான். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தான்.

முலோண்டோ மறுபடி விளையாட உட்கார்த்தப்பட்டார். இரண்டு மணி நேரம். அவளுடைய வலது கை பெட்டியின் முதுகில் பழைய இடத்துக்குப் போயிற்று, இடது கை குறித்தது. கட்டிடம் பதினேழு தடவை இடிந்தது. அவர் ஆத்திரத்தில் சுட்டதில் திரையில் ஒருவரும் மிஞ்சவில்லை. கம்ப்யூட்டர் அணையவில்லை.

மூடியைப் பூட்டியதும், தன் மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பு நகச்சாயக் குப்பியை எடுத்தாள். மூடியின் நான்கு திருகாணித் தலைகளிலும், தலையும் தகரமும் சேருமிடத்தில், ஒவ்வொரு சொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள். காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இத எறும்பு திங்காது ஐயா," என்றாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, சிவப்புப் பொட்டுகள் அவருக்குத் தெரியும்படி திருப்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் வைத்தாள்.