மூன்று அணிக்கு ஒரே பையன்

தனராஜுக்குப் பந்தாட வராது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். பகலெல்லாம் கப்பல் சரக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலமானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடற்கரை மைதானத்துக்கு வந்துவிடுவார். தெருப் பையன்களின் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். கோட்டுக்கு வெளியே நின்று அவர் போடும் சத்தத்தில் காக்கைகூட அண்டாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில் அந்தக் கழகத்தின் பெருமை இஞ்ஞாசி. சங்கு குளிப்பவரின் மகன், பதினைந்து வயது. இடது ஓரமாகப் பந்தோடு கிளம்பினான் என்றால் பிடிக்க ஆளில்லை. ஆகவே எல்லோருக்கும் அவன் வேண்டும். பள்ளிக்கூட அணிக்கு ஆடினான். மாலையில் கழகத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெரு வியாபாரிகளின் அணிக்கு. கூப்பிட்ட பக்கமெல்லாம் பெருமையோடு ஓடினான்.

ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசையில் எல்லோரும் முழந்தாளிட, இஞ்ஞாசி மட்டும் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தான். தனராஜ் அதைப் பார்த்துவிட்டார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, முட்டுப் போடாம ஏன் உக்காந்திருந்த?”

“சும்மாதாண்ணே.”

“கால்சட்டையச் சுருட்டுலே.”

முழங்காலுக்குக் கீழே எலும்பு எலுமிச்சங்காய் போலப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் பையன் உதட்டைக் கடித்தான். மாசக்கணக்காக வலியாம். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான்.

தனராஜ் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். “அடிபட்டதில்ல இது. வளர்ற எலும்பு, ஓய்வே குடுக்காம ஓடவிட்டிருக்கீங்க. வலி அடங்குற வரைக்கும் பந்தைத் தொடக்கூடாது. அப்புறமும் அளவாத்தான்” என்றார் டாக்டர்.

பள்ளி விளையாட்டு ஆசிரியர் அற்புதமணி, பையனுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். மசியாதவர் கடைத்தெரு அணியை நடத்திய சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிதான்.

“திருவிழாக் கோப்பை வருது. பையன எங்ககிட்டருந்து பிரிச்சு உம்ம டீமுல இறக்கப் பாக்கீரோ?”

“நானும் இறக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“பாப்போம்வே” என்று சிரித்தார் அண்ணாச்சி.

மாதா கோயில் திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் கழகமும் கடைத்தெரு அணியுமே மோதின. கழகம் ஒரு கோல் பின்தங்கியதும், “இஞ்ஞாசிய இறக்கு!” என்று தெருவே கத்தியது. பையன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

“இப்ப வலி இல்லண்ணே. மாதா சத்தியமா இல்ல.”

“எங்க, குதி பாப்போம்.”

குதித்தான். கால் தரையில் பட்டதும் முகம் கோணிப்போனது.

“உக்காருலே.”

இஞ்ஞாசி தேம்பி அழுதான். கழகம் தோற்ற பிறகு யாரோ தனராஜ் மேல் மண்ணை வாரி வீசினார்கள். அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கோப்பைக்கு அவரைவிட ஆசைப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

மறுநாள் அண்ணாச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார். “நீரு கடைசி நேரத்துல இறக்கிருவீர்னுதான் நெனச்சேன்வே. என்ன செய்யணும், சொல்லும்.”

அற்புதமணியும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் டீக்கடையில் பேசி முடித்தார்கள். படிக்கிற பையன் ஒரு சமயத்தில் ஓர் அணிக்குத்தான் ஆட வேண்டும். வாரத்தில் கட்டாய ஓய்வு நாள் உண்டு. வலிக்கிறது என்று சொன்னவனின் இடம் அவன் திரும்பி வரும்வரை அவனுக்கே.

கடைசியாகச் சொன்னதைத் தனராஜ் மைதானத்தில் அறிவித்தபோது பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் குதிகாலைக் காட்டினான். இன்னொருவன் தொடை இடுக்கில் பிடிப்பு என்றான். கோல்கீப்பர் தோளைத் தூக்க முடியாமலே இத்தனை நாள் ஆடியிருக்கிறான். தனராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாவிகளா, எல்லாரும் வலிய ஒளிச்சுவச்சுக்கிட்டா ஆடிக்கிட்டிருந்தீங்க?”

அடைமழைக் காலம் முடிந்து இஞ்ஞாசி திரும்பி வந்தான். பின்னாளில் மாவட்ட அணியிலும் இடம்பிடித்து, மீசை நரைக்கத் தொடங்கும்வரை ஆடினான். தனராஜுக்கும் அண்ணாச்சிக்கும் ரெஃபரியைப் பற்றிய சண்டை மட்டும் ஒவ்வொரு திருவிழாவிலும் தவறாமல் நடந்தது.